படத்தைப் பார்க்காமலே "சோகம்" என்று எழுதிவிடுகிறார்கள், என்ன செய்வது?

கியூர்பிப் மிஸ்:

எல்லாருக்கும் வணக்கம். மொரீசியஸில் ஒரு இடைநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கிரேடு 8, மொத்தம் பதினோரு பிள்ளைகள். வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். தமிழ் என்பது என் வகுப்பிலும் கோயிலிலும் காதில் விழுவதோடு சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தமிழ்நாட்டு நண்பர்கள் "இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை ஆறு வரி சொந்தமாக எழுதினால் அன்றைக்கு எனக்குத் தைப்பூசம்.

நவம்பர் 2 வருகிறது. 1834-ல் 'அட்லஸ்' கப்பல் 36 ஒப்பந்தத் தொழிலாளர்களோடு போர்ட் லூயிக்கு வந்ததை நினைத்து அன்று எங்களுக்கு அரசு விடுமுறை. அதற்கு முந்தைய வாரம் புலம்பெயர்வு பற்றி ஒரு படம் கொடுத்து, பட விளக்கம் எழுதச் சொல்வது என் வழக்கம். வருஷா வருஷம் ஒரே விளக்கம்தான் வரும். மக்கள் கப்பலில் வந்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய 'ஆப்ரவாசி காட்' துறையில் பதினாறு படி ஏறினார்கள், கரும்பு வெட்டினார்கள், துன்பப்பட்டார்கள், திரைகடல் ஓடியும் திரவியம் தேடு. ஒரு தடவை கவனக்குறைவாக மீன்பிடிப் படகுப் படத்தைக் கொடுத்துவிட்டேன். அதிலும் கரும்பு வெட்டினார்கள்.

சரி, தயாராகப் பதில் இல்லாத ஒரு படமாகக் கொடுப்போம் என்று இந்த வருஷம் தேடினேன். ஃபோர்ட் மேடாக்ஸ் பிரவுன் என்ற ஆங்கிலேய ஓவியர் 1852-ல் தொடங்கி 1855-ல் முடித்தது, பெயர் 'த லாஸ்ட் ஆஃப் இங்கிலாந்து', அதாவது இங்கிலாந்தைக் கடைசியாகப் பார்ப்பது. பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சட்டமே ஏறக்குறைய வட்டமாக, முட்டை மாதிரி இருக்கும். கப்பல் மேல்தளத்தில் கணவனும் மனைவியும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், ஓரத்தில், டோவரின் வெள்ளைப் பாறைகள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பு எப்படிப் போனது என்று சொல்கிறேன். புரொஜெக்டர் அன்றைக்குப் பார்த்து வேறு வகுப்புக்குப் போய்விட்டது. கலர் பிரிண்டுக்கு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், எனவே கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டு போனேன். பெயரைச் சொன்னேன், ஆங்கிலத்தை விளக்கினேன், பார்க்கச் சொன்னேன்.

"பாத்தோ." "லாமேர்." "ட்ரிஸ், மிஸ்." கப்பல், கடல், சோகம்.

அவ்வளவுதான். நாலு நிமிஷம். "ஏன் ட்ரிஸ்?" என்றால் "ஊரை விட்டுப் போறாங்க." "எப்படித் தெரியும்?" என்றால் "மிஸ்தான் சொன்னீங்க."

கடைசி பெஞ்சில் ஒரு பையன். எதைக் கேட்டாலும் "மோ பா கோனே" என்பான், எனக்குத் தெரியாது என்று. அவன் மட்டும் தாளை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "மிஸ், இது லிசூவா?" என்றான். கப்பல் ஓரத்தில் முட்டைகோஸ் வரிசையாகத் தொங்கும். நான், "அதை விடு, முகத்தைப் பார்" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது, அந்தப் பீரியடில் படத்தை உண்மையாகப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

அடுத்த வாரம் இரண்டு பீரியடு இருக்கிறது. முதலில் இவர்களைப் பார்க்க வைப்பது எப்படி? அப்புறம், பழைய கட்டுரைக்குள் திரும்ப விழாமல் நம் கதைக்கு எப்படிக் கொண்டுவருவது? இன்னொரு சின்ன விஷயம், அந்தப் பெண் போட்டிருக்கும் பானெட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

ரோஸ் பெல் வாத்தியார்:

டீச்சரம்மா, அந்தக் கோஸை விட்டிருக்கக் கூடாது. அதுதான் வாசல்.

கோஸ் எதற்குத் தொங்குகிறது? வழியில் கடை கிடையாது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போக மாதக்கணக்கில் கடல்தான். பையனிடம் எத்தனை கோஸ் என்று எண்ணச் சொல்லுங்கள். அவன் வீட்டில் ஒரு கோஸ் எத்தனை நாளைக்கு வரும் என்று கேளுங்கள். அப்புறம் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு சின்னப் பையன் உயிர்காக்கும் படகுக்குள் கிடக்கும் காய்கறியிலிருந்து சமையலுக்குப் பொறுக்கிக்கொண்டிருப்பான். அந்தப் படகில் 'எல்டொராடோ' என்று எழுதியிருக்கும், தங்க நாடு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1851-ல் தங்கம் கிடைத்தது, ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். பிரவுனின் சிற்பி நண்பர் தாமஸ் வூல்னரும் 1852 ஜூலையில் கிளம்பினார், அவரை வழியனுப்பியதில் பிறந்ததுதான் இந்தப் படம். தங்கம் கைகூடாமல் 1854-ல் வூல்னர் ஊர் திரும்பிவிட்டார், படம் அதற்கு அப்புறம்தான் முடிந்தது. பாருங்கள், கோஸில் தொடங்கி எங்கே வந்துவிட்டோம். முகத்தில் தொடங்கியிருந்தால் 'ட்ரிஸ்' என்ற இடத்திலேயே நின்றிருப்போம்.

இரண்டாவது விஷயம் நம் மொழியிலேயே இருக்கிற வில்லங்கம். 'தெரிகிறது' என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். 'கப்பல் தெரிகிறது' என்றால் கண் பார்த்தது. 'சோகமாகத் தெரிகிறது' என்றால் மனசு நினைத்தது. பிள்ளை இரண்டையும் ஒரே வாக்கியமாக எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று பேனாவை மூடிவிடுகிறது. நான் வகுப்பெடுத்த காலத்தில் பலகையில் இரண்டு கட்டம் போடுவேன். முதல் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது மட்டும், வாக்கியம் 'தெரிகிறது' அல்லது 'இருக்கிறது' என்று முடிய வேண்டும். இரண்டாவது கட்டத்தில் நினைப்பது, அது 'போலிருக்கிறது' என்றோ 'இருக்கலாம்' என்றோதான் முடிய வேண்டும். நடுவில் 'அதனால்' என்று ஒரு பாலம். உதாரணத்துக்கு, இந்தப் படத்தில் ஆளுடைய தொப்பியைக் கயிறு போட்டு மேல்சட்டைப் பொத்தானோடு கட்டியிருப்பார்கள். 'தொப்பியைக் கயிற்றால் கட்டியிருக்கிறான். அதனால் காற்று பலமாக அடிக்கிறது போலிருக்கிறது.' முதல் கட்டத்தில் ஆள் இல்லாமல் இரண்டாவது கட்டத்தில் குடியேற விடாதீர்கள். இலக்கணமும் ஆச்சு.

'சோகம்', 'துன்பம்' இரண்டுக்கும் முதல் பீரியடு முழுக்கத் தடை. ஔவையாருக்கும்தான், பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டாள். படத்தின் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்.

ஒரு பெரிய தாளில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டுப் படத்தின் மேல் வைத்து நகர்த்துங்கள். முதலில் முகத்துக்குப் போகாதீர்கள். அந்தப் பெண்ணின் சால்வை இடுக்கில் வையுங்கள், ஏன் என்று நான் சொல்ல மாட்டேன். கறுப்பு வெள்ளை வேண்டாம், கெஞ்சியாவது கலரில் ஒரே ஒரு பிரதி எடுங்கள்.

கண்ணைத் தயார்படுத்த ஒரு விளையாட்டு. பாக்கெட்டில் இருக்கும் நூறு ரூபாய் நோட்டை எடுக்காமல், அதில் தமிழ் எங்கே இருக்கிறது, எண் எப்படி எழுதியிருக்கிறது என்று வரையச் சொல்லுங்கள். நான் செய்தபோது ஒருத்தருக்கும் வரவில்லை. தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்ததற்கு 1998-ல் ஊரே கொதித்து, புது நோட்டையே திரும்பப் பெற வைத்த தீவு இது. அப்பா அம்மா சண்டை போட்டு வாங்கிய எழுத்து, பிள்ளைக்கு இருக்கும் இடம் தெரியாது.

பானெட்டுக்கு 'தொப்பி' போதும். பறப்பது 'நாடா'.

கரும்புக்காடு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் மிஸ். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தங்கம் தேடிப் போன படத்தை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்கு நம் கதையைச் சொல்ல வேண்டுமா? அவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவர்கள். நம் ஆட்கள் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து, எங்கே போகிறோம் என்றே சரியாகத் தெரியாமல் ஏறியவர்கள். இரண்டும் 'புலம்பெயர்வு' என்று ஒரே தலைப்பில் வந்தால், பிள்ளை இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்ளும். ரோஸ் பெல் ஐயா சொன்ன முறை நல்ல முறைதான், அதை மறுக்கவில்லை. படம் தப்பு என்கிறேன்.

இன்னொன்று. நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கே கரும்பை விட்டால் வேறு கதை தெரியாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில், லா பூர்தொனே கவர்னராக இருந்தபோதே, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களும் கைவினைஞர்களும் இங்கே வந்துவிட்டார்கள். அது 'அட்லஸ்' வருவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்னால். அந்த 'அட்லஸ்' கூடக் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பல், சென்னையிலிருந்து இல்லை. முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

டர்பன் அக்கா:

தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன், உங்கள் பிள்ளைகள் ஆறு வரி எழுதுகிறார்கள் என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கரும்புக்காடு தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் நம் ஆட்கள் வந்த கப்பலை அவர்களே உட்கார்ந்து வரைந்த படம் ஒன்று கிடைக்குமா என்று நானும் தேடித் தேடி அலுத்துவிட்டேன். எங்களிடம் இருப்பது பட்டியல். 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. இந்த மாதிரிக் கப்பல்களுக்கெல்லாம் பட்டியல் உண்டு. ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், அப்புறம் உடம்பில் உள்ள அடையாளம், அதாவது தழும்பு, மச்சம், அம்மைத் தடம். எழுதியவருக்குத் தமிழ் ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை என்பது எழுத்துக்கூட்டிலேயே தெரியும்.

நான் செய்தது இதுதான். தாளில் காலியாக ஒரு வட்டம் வரைந்து கொடுத்தேன். ஆளுக்குப் பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அந்த வரியில் இருப்பதை மட்டும் அந்த வட்டத்துக்குள் வரையச் சொன்னேன். சொந்தக் கற்பனை கூடாது. ஒரு பிள்ளை தழும்பை மட்டும் வரைந்துவிட்டு, "அக்கா, இதைச் சுற்றி முகம் போடலாமா?" என்றது. பட்டியலில் முகம் இல்லையே என்றேன். அரை மணி நேரம் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கேள்வி கேட்கும் விதத்துக்கு, அமெரிக்காவில் அபிகெய்ல் ஹவுசன், ஃபிலிப் யெனவைன் இருவரும் வகுத்த முறை எனக்குக் கைகொடுத்தது. மூன்றே கேள்வி. படத்தில் என்ன நடக்குது? எதைப் பார்த்து அப்படிச் சொல்றே? இன்னும் என்ன இருக்கு? நீங்கள் கேட்ட "எப்படித் தெரியும்?" பரீட்சைக் கேள்வி மாதிரி, பிள்ளை பயந்துவிடும். "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" என்றால் விரல் தானாகப் படத்துக்குப் போகும்.

கியூர்பிப் மிஸ்:

வாத்தியார் ஐயாவுக்கும் டர்பன் அக்காவுக்கும் நன்றி.

கரும்புக்காடு, கொத்தர்கள் விஷயம் கண்டிப்பாகச் சொல்கிறேன். படத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றல்ல என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் பிள்ளைகள் என் வாயால் கேட்பதைவிடப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டுமே என்று தோன்றுகிறது. அந்த ஆணின் முகம் பிரவுனுடைய சொந்த முகம். பக்கத்தில் அவர் மனைவி எம்மா. அவர்களுடைய பிள்ளைகளும் படத்தில் இருக்கிறார்கள். கடல் வெளிச்சம் சரியாக வர வேண்டும், குளிரில் தோல் நீலம் பாரிப்பது தெரிய வேண்டும் என்று மங்கலான நாளாகப் பார்த்து வெளியில் உட்கார்ந்து வரைந்தாராம், எம்மாவைப் பனியிலும் உட்கார வைத்து. அந்தத் தொப்பி நாடாவுக்கு மட்டும் நாலு வாரம் ஆனது என்று அவரே எழுதியிருக்கிறார். கையில் காசில்லாமல் அவரும் அப்போது நாட்டை விட்டுப் போக யோசித்துக்கொண்டிருந்தார். எங்கே தெரியுமா? இந்தியாவுக்கு! நம் ஆட்கள் அங்கிருந்து கப்பல் ஏறிக்கொண்டிருந்த அதே வருஷங்களில். கடைசி வரைக்கும் போகவில்லை.

ஆக, தன் சோகத்தைத் தானே, தன் முகத்தை வைத்தே, ஒரு நாடாவுக்கு நாலு வாரம் செலவழித்து வரைய அவருக்கு முடிந்தது. நம் ஆட்களுக்கும் படம் உண்டு. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேற்றப் பதிவேடுகளில் 1860-களிலிருந்து புகைப்படங்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்தவர்கள் தங்கள் படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று 1867-ல் சட்டம் வந்தது, போலீஸ் கேட்டால் காட்ட. அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறேன். அதற்கு எனக்கு இந்த வெள்ளைக்காரன் வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் எழுதுகிறேன்.

கரும்புக்காடு:

சரி மிஸ், இப்படி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எப்படிப் போனது என்று சொல்லுங்கள்.

கியூர்பிப் மிஸ்:

இரண்டு பீரியடும் முடிந்தது.

நூறு ரூபாய் விளையாட்டில் பதினோரு பேரும் காலி. நானும் காலி, அதை அவர்களிடம் சொல்லவில்லை.

கலரில் ஒரு பிரதி என் சொந்தக் காசில் கடையில் எடுத்தேன். ஓட்டைத் தாளைச் சால்வை இடுக்கில் வைத்தேன். "விரல்." "பொம்மை விரல்." "இல்ல, ரெண்டு கை, ஒண்ணு பெரிசு ஒண்ணு சிறிசு." எழுந்து வந்து எழுந்து வந்து பார்த்தார்கள். தாளை எடுத்த பிறகும் குழந்தையைத் தேடினார்கள், குழந்தையோ சால்வைக்குள், கை மட்டும் வெளியே. அந்தக் கோஸ் பையன் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'அம்மா ஒரு கையில் பாப்பா கை பிடித்து இருக்கிறது. ஒரு கை அப்பா பிடித்து இருக்கிறது. அதனால் அம்மா விழ மாட்டாள் போலிருக்கிறது.' எழுவாய்க்கும் பயனிலைக்கும் ஒட்டவில்லைதான். திருத்தாமல் சுவரில் ஒட்டிவிட்டேன்.

பின்னால் கரையைப் பார்த்து முஷ்டியை ஆட்டும் ஆளைக் கண்டுபிடித்தபோது வகுப்பே சிரித்தது. ஒருத்தி, "இவருக்குத்தான் கோபம், இவங்க ரெண்டு பேருக்கும் கோபம் இல்ல" என்றாள். எதைப் பார்த்து அப்படிச் சொல்றே என்றேன். "கை, மிஸ். அவர் கை மூடி இருக்கு. இவங்க கை பிடிச்சிருக்கு." சோகம் என்ற சொல்லுக்கு அன்றைக்குத் தேவையே வரவில்லை.

இரண்டாவது பீரியடுக்கு ஒரு பிள்ளை, வீட்டில் எடுத்து வைத்திருந்த தன் பாட்டியின் பாட்டி புகைப்படத்தின் நகலைக் கொண்டுவந்தாள், மோக்காவில் வாங்கியது. மார்பு வரைக்கும் உள்ள படம். நேராகப் பார்க்கிறார். பக்கத்தில் ஆங்கிலேயரின் படத்தை வைத்து, அதே இரண்டு கட்டத்தைப் போடச் சொன்னேன். முதல் கட்டத்தில் மூக்குத்தி, முந்தானை மடிப்பு எல்லாம் வந்தது. அப்புறம் கோஸ் பையன், "கை தெரியல, மிஸ்" என்றான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர்களுக்குள்ளே சண்டை. தெரிவதும் இல்லை, நினைப்பதும் இல்லை. கடைசியில் பலகையில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட வேண்டியதாகிவிட்டது. அதை நிரப்பத்தான் போட்டி போட்டார்கள். கை, கப்பல், கடல், பக்கத்தில் உட்கார ஒரு ஆள், கூட வந்த பிள்ளை.

வாத்தியார் ஐயா, இந்த மூன்றாவது கட்டத்து வாக்கியத்தை எப்படி முடிக்கச் சொல்வது? 'தெரியவில்லை' என்று போட்டால் 'மோ பா கோனே' என்று படித்துக்கொள்கிறார்கள். 'போலிருக்கிறது' ஒட்டவே மாட்டேன் என்கிறது.

ரோஸ் பெல் வாத்தியார்:

'காணோம்' என்று முடிக்கச் சொல்லுங்கள். கையைக் காணோம், கப்பலைக் காணோம். தேர்வுத்தாளில் மட்டும் 'காணவில்லை' என்று மாற்றிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் பேச்சுவழக்கு என்று அரை மார்க் போய்விடும்.